பரம்பரை, மறதி, அம்மா: சில நாள்கள்

பிப்ரவரி 8, 2025

தம்பி இணையத்தில் வாங்கிய மரபணுச் சோதனைக்கு முடிவு வந்துவிட்டது. “அக்கா, எனக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகமாம், ஞாபகசக்தியும் சுமாராம்” என்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு. அப்பா போனதிலிருந்து அம்மா சோர்ந்துபோய், எதையும் மறந்துவிடுவதைப் பார்த்து அவனுக்குப் பயம். பாட்டியும் கடைசிக் காலத்தில் எங்கள் பெயர்களை மறந்தவர். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

பிப்ரவரி 9

அறிக்கையைப் படித்தேன். மனச்சோர்வுக்கு ஒரு மரபணு, ஞாபகத்துக்கு ஒன்று. அவ்வளவு சுலபமா?

முதலாவது, மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோடோனினை நரம்பணுவுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் சிறு வயதிலிருந்தே கண்காணிக்கப்பட்ட 847 பேரை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. இதன் குட்டை வடிவம் உள்ளவர்கள், வேலை போவது, உறவு முறிவது போன்ற அடிகள் விழும்போது மற்றவர்களைவிட எளிதில் சோர்ந்துவிடுகிறார்கள் என்றது. ஊரே கொண்டாடியது. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளை வைத்து, இதையும் சேர்த்துப் பேர்போன 18 மரபணுக்களைச் சரிபார்த்தார்கள். குருட்டாம்போக்கில் எடுத்த மரபணுக்களைவிட அவை கூடுதலாக எதையும் சொல்லவில்லை. தம்பியிடம் காசு வாங்கியவர்கள் 2003இலேயே தங்கிவிட்டார்கள் போல.

ஞாபகத்துக்கானது பிடிஎன்எஃப். நினைவுகள் பதிய உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸில் நரம்பணு இணைப்புகளை வலுப்படுத்தும் புரதம் அது. அதில் 66ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற இன்னொன்று இருந்தால் ஞாபகம் கொஞ்சம் குறைவு என்பதும் 2003இல் வந்த முடிவுதான். பின்னால் செய்தவர்களுக்கு அது ஒரே மாதிரி கிடைக்கவில்லை. கிழக்காசியர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த மாற்றம், பெற்றோரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றிலாவது இருக்கும். எதிர்வீட்டில் பணம் வைத்து மாஜோங் விளையாடும் சீன ஆன்ட்டிகள் போன வருடம் யார் எவ்வளவு தோற்றார்கள் என்பதைக்கூட மறப்பதில்லை!

பிப்ரவரி 12

“அப்போ பரம்பரைன்னு ஒண்ணும் இல்லையா?” என்றான். இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி, மனச்சோர்வு வருவதில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 37% மரபு சார்ந்தது. போன மாதம் வெளியான ஆய்வு, 29 நாடுகளின் தரவுகளில் மரபணுத் தொகுதியில் மனச்சோர்வோடு தொடர்புள்ள கிட்டத்தட்ட 700 இடங்களைக் காட்டுகிறது. ஒவ்வொன்றும் தருவது துளி உந்துதல். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவனுக்கு ஜாதகம் எழுதுவது வியாபாரம். போதாததற்கு, இந்தத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஒரு லட்சம் பேரின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டம் நடக்கிறது. நம்மவர்களுக்குப் பொருந்தும் பதில் அதிலிருந்து வந்தால்தான் உண்டு.

அப்புறம் அவனுக்கு இன்ஷூரன்ஸ் கவலை. சோதனை செய்துகொள்ளச் சொல்லி நிறுவனங்கள் கட்டாயப்படுத்த முடியாது. சிங்கப்பூரில் 2021 முதல் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு என்ன நோய் என்று விண்ணப்பத்தில் கேட்கலாம். அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 20

பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) அனுப்பி, இன்று அம்மாவுக்கு ஞாபகச் சோதனை. கடிகாரம் வரையச் சொன்னார்கள். அம்மா அழகாக வரைந்தார். ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, “தெரியலைம்மா, விட்டுடுங்க” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி அறிக்கையை நீட்டினான். மருத்துவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். பாட்டிக்கு எத்தனை வயதில் மறதி தொடங்கியது? அம்மாவுக்கு இதற்கு முன் இப்படிச் சோர்வு வந்ததா? எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மலேசியாவின் ஈப்போவிலிருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். பாட்டிக்கு எண்பதுக்கு மேல்தானாம். ஆனால், தம்பி பிறந்தபோது அம்மா மாதக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். மரபணுச் சோதனைக்கு எச்சிலைக் கேட்டவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

சோர்வே கவனத்தையும் ஞாபகத்தையும் அரிக்கும், சோர்வு தணிந்தால் ஞாபகமும் தேறலாம் என்றார் மருத்துவர். முதியவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதிநோயின் முன்னறிகுறியாகவும் சோர்வு வரலாம் என்பதால், சிகிச்சை கொடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டுமாம். அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ மரபணுவைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு, இப்போது அது சிகிச்சையை மாற்றாது என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மே 17

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆனது. இப்போது அம்மா காலையில் தானாகக் கீழே நடக்கப் போகிறார். தேக்கா சந்தையில் முருங்கைக்காய்க்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்ததை அவரே கண்டுபிடித்தார். மறுசோதனையில் ஐந்து சொற்களில் நான்கு வந்தன. கேஸ் அடுப்பை அணைக்க மறப்பது மட்டும் தொடர்கிறது. அதனால் மருத்துவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நவம்பரில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.