சேர் கீறிய ஹுவே நகரம்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டபோது, பிக் மட்ச் கிரிக்கெட் பற்றி எழுதுங்கோ என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கோ உயர்தர வகுப்பில் சரித்திரம் படிப்பித்த சேரைப் பற்றி எழுத வேண்டும்போல் இருந்தது.

1968 ஆம் ஆண்டு. எங்களுடைய தை அமாவாசையை ஒட்டித்தான் வியட்நாமியருக்கு 'டெட்' என்ற புதுவருடம். அதற்காகப் போர்நிறுத்தம் அறிவித்து, தென்வியட்நாம் படையினர் பலர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வடவியட்நாம் படையும் தெற்கிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்கொங்கும் ஏறத்தாழ 80,000 பேராக, நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிலும் பட்டினங்களிலும் இறங்கிவிட்டார்கள். சைகோனில் அமெரிக்கத் தூதரக மதிலை உடைத்துக்கொண்டு ஒரு சிறு குழு உள்ளேயே போய்விட்டது.

நாங்கள் பெடியள். வாசிகசாலையில் 'ஈழநாடு' பேப்பருக்கு அடிபட்டோம். சின்ன நாடு பெரிய நாட்டுக்கு அடிக்கிறது என்று ஒரே புளுகம்.

சேர் கரும்பலகையில், தாக்கப்பட்ட நகரங்களில் ஒன்றான ஹுவேயைக் கீறினார். குறுக்கே நறுமண ஆறு. வடகரையில் பழைய அரசர்களின் மதில் சூழ்ந்த கோட்டை, தென்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பட்டினம். ஜனவரி 31 இல் கோட்டையில் ஏறிய வியட்கொங் கொடி பெப்ரவரி 24 இல்தான் இறங்கியது. அதுவரை வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு சண்டை. பழைய தலைநகராச்சே என்று முதலில் குண்டு போடத் தயங்கிய அமெரிக்கரும் தென்வியட்நாமியரும் பிறகு பீரங்கியாலும் விமானத்தாலும் அடித்தார்கள்.

"ஆர் சேர் வெண்டது?" என்று ஒருவன் கேட்டான்.

"அதைப் பேப்பரிலை பார். இந்தப் படத்திலை சனம் எங்கை இருக்கு எண்டு காட்டு."

ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டை போல ஊர்ச்சனம் குடியிருக்காத இடம் என்றே நினைத்திருந்தோம். கோட்டை மதிலுக்குள்ளேதான் ஆயிரக்கணக்கானோர் குடும்பமாக இருந்தார்கள் என்று அவர் சோக்கால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டுக் காட்டினார். ஏறத்தாழ 140,000 பேர் வாழ்ந்த நகரில் 116,000 பேர் வீடிழந்தார்கள்.

நகரைப் பிடித்தவர்கள் பெயர்ப்பட்டியலோடு வீடு வீடாகப் போய் ஆட்களைக் கொண்டுபோன கதை பிறகு மெல்ல மெல்ல வெளிவந்தது. புதைகுழிகளிலிருந்து 2,800 உடல்கள் அளவில் எடுத்தார்கள். வியட்கொங்குக்குக் கைதட்டிய எங்களுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. சேர் அதையும் விடாமல் படிப்பித்தார். அவர்மேல் எனக்குள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

தாக்கியவர்கள் பெரும் இழப்போடு பின்வாங்கினார்கள். ஆனாலும் மார்ச் 31 இல் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன், தான் இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றார். பரீட்சைக்கு வந்தால் இதைத்தான் கேட்பார்கள் என்று சேரே சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 இல், இராணுவம் நெருங்கி வந்தபோது, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரவு, மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் தெருவில் காலெடுத்து வைக்க இடமில்லை. நாங்களும் சைக்கிளில் இரண்டு பையைக் கட்டிக்கொண்டு சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சேரைக் கண்டேன். எழுபதைத் தாண்டியிருப்பார். மடியில் கொப்பி. வாறவர்கள் போறவர்களிடமெல்லாம், வர ஏலாமல் வீட்டில் விட்டுவந்த கிழடுகட்டைகளின் பேரையும் ஒழுங்கையையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். செஞ்சிலுவைக்காரரிடம் கொடுக்க வேண்டுமாம். என்னைப் பார்த்ததும், "உங்கடை பக்கத்திலை ஆர் மிஞ்சினது?" என்றார். எங்கள் ஒழுங்கையில் மூன்று பேர். சொன்னேன். எழுதினார்.