கோயம்புத்தூர் ஏர்போர்ட்லேர்ந்து ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் வரைக்கும், டாக்ஸி இல்லாம

அம்மா பொறந்து வளந்தது குன்னூர் பக்கத்துல இருக்கற அருவங்காடு. தாத்தா அங்க இருக்கற கார்டைட் பேக்டரில, அதாவது வெடிமருந்து பேக்டரில, வேலை பாத்தாரு, குவார்ட்டர்ஸ்லதான் குடும்பமே இருந்துச்சு. 1982ல கல்யாணம் ஆகி சென்னைக்கு வந்தவங்க, தாத்தா ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகல, போறதுக்கு அங்க யாரும் இல்லங்கறதுதான் காரணம். போன பிப்ரவரில திடீர்னு "ஒரு தடவ அந்த பொட்டானிக்கல் கார்டன் புல்லுல உக்காந்துட்டு வரணும்டி"னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேருக்கும் கோயம்புத்தூருக்கு பிளைட் டிக்கெட் போட்டுட்டேன்.

ஆனா அம்மா ஒரு கண்டிஷன் வச்சாங்க, கார் வேணாம். கார்ல பின்னாடி சீட்ல உக்காந்தா அவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல தலை சுத்தும், அதுவும் மலைன்னா கேக்கவே வேணாம். பஸ்ல முன்னாடி உக்காந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்க, சின்ன வயசுல அந்த ரோட்டுல பஸ்ல போயி வந்து பழகின உடம்பு. சரின்னு முழுக்க பஸ், ரயில்னே பிளான் பண்ணேன். வயசானவங்கள வச்சுக்கிட்டு எப்படின்னு நிறைய பேர் கேட்டாங்க, அதனாலதான் இத கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

காலைல ஏழே காலுக்கு பிளைட் இறங்கிருச்சு. வெளில வந்ததுமே ஒரு டாக்ஸிக்காரர் ஊட்டிக்கு பஸ்ஸெல்லாம் இங்கேர்ந்து கிடையாதும்மான்னாரு. டெர்மினல் வாசல்லேர்ந்து கிடையாதுங்கறது சரிதான், ஆனா ஏர்போர்ட் ரோட்ட புடிச்சு ஒரு கிலோமீட்டர் பக்கம் நடந்தா அவிநாசி ரோடு வந்துரும், அங்க இருக்கறது சித்ரா ஸ்டாப். சித்ரான்னா யாரோ ஒரு பொண்ணு பேருன்னு நினைச்சேன், பக்கத்துல இருக்கற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தோட இங்கிலீஷ் பேரு முதல் எழுத்தெல்லாம் சேத்து வந்த பேரு அது. லக்கேஜ் நிறைய இருந்தா அதுவரைக்கும் ஒரு ஆட்டோ புடிச்சுக்கோங்க. எங்ககிட்ட ஆளுக்கு ஒரு பேக்தான், காலை வெயில் ஏறல, அம்மா எனக்கு முன்னாடி நடந்தாங்க.

அவிநாசி ரோட்டுல இப்ப மேல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பேர்ல மேம்பாலம் வந்துருச்சு. டவுன் பஸ்ஸெல்லாம் கீழதான் ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு போகுது, அதனால பாலத்துக்கு அடில இருக்கற ஸ்டாப்ல நின்னா போதும். காந்திபுரம் போற பஸ் அடிக்கடி வரும். முன்பக்கம் பிங்க் கலர் அடிச்ச சாதாரண டவுன் பஸ்ஸா பாத்து ஏறினோம், பொம்பளைங்களுக்கு விடியல் பயணத்துல டிக்கெட் இலவசம். கண்டக்டர் அம்மா கைல அந்த காசில்லாத டிக்கெட்ட குடுத்ததும் அவங்க அத மடிச்சு பர்ஸ்ல பத்திரமா வச்சுக்கிட்டாங்க. ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ்னு போயி அரை மணி நேரத்துல காந்திபுரம்.

இங்கதான் நாங்க நேரத்த விட்டோம். காந்திபுரத்துல ஒருத்தர் ஊட்டி பஸ் இங்கயே வரும்னு கைய காட்டினாரு, நாங்களும் நம்பி இருபது நிமிஷம் நின்னோம். பக்கத்துல பூ வச்சிருந்த அக்காதான் பாத்துட்டு, "ஏனுங் கண்ணு, ஊட்டிக்குங்களா? அது மேட்டுப்பாளையம் ரோட்டுல புது பஸ் ஸ்டாண்டுங்க, சாய்பாபா காலனி தாண்டி. இங்கேர்ந்தே டவுன் பஸ் இருக்குதுங்க, ஏறிக்கோங்க"ன்னாங்க. அதனால நீங்க போறப்ப பஸ்ல ஏறினதுமே கண்டக்டர்கிட்ட மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டுக்கு எங்க இறங்கி மாறணும்னு கேட்டு வச்சுக்கோங்க, எங்கள மாதிரி நிக்க வேணாம்.

புது பஸ் ஸ்டாண்டுல ஊட்டி பஸ் ஒண்ணு கிளம்ப ரெடியா நின்னுச்சு. மலைக்குப் போற பஸ்ஸெல்லாம் சாதாரண பஸ்ஸ விட நீளம் கம்மி, வளைவுல திரும்பறதுக்காக. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட் அம்மாவுக்கு ஜன்னலோரமா கிடைச்சுது, என்னைக் கேட்டா அதுக்காக ஒரு பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறினாலும் தப்பில்ல. கடைசி சீட்டுல மட்டும் உக்காராதீங்க, தூக்கி தூக்கிப் போடும், குடல புரட்டறது அங்கதான் அதிகம். காலைல ரெண்டு இட்லிக்கு மேல சாப்பிடாதீங்க. அம்மா பைலேர்ந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து நகத்தால தோல லேசா கீறி கைக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க, வழி முழுக்க ஒவ்வொரு வளைவுலயும் மூக்குகிட்ட கொண்டு போயி மோந்துக்கிட்டே வந்தாங்க.

துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், இது வரைக்கும் சாதாரண ரோடுதான், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும். பவானி ஆத்துப் பாலத்த தாண்டினதும் பாக்குத் தோப்பு ரெண்டு பக்கமும் வந்துரும், காத்தே மாறிடும். கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிக்குது. குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கும். அம்மா நம்பர பாக்காமயே எண்ணிட்டு வந்தாங்க. எதிர்ல இறங்கி வர்ற வண்டி நின்னு, ஏறுற வண்டிக்குதான் வழி விடணும், நம்ம பஸ் டிரைவர் ஒரு ஹார்ன் அடிச்சுட்டு வளைவுல முழுசா ஸ்டியரிங்க ஒடிக்கறப்ப எதிர்ல ஒரு லாரி அப்படியே மூச்ச புடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி நின்னுச்சு. பர்லியாறுல பழக்கடைங்க இருக்கு, மங்குஸ்தான் சீசன்ல போனா விடாதீங்க, நாங்க போனப்ப சீசன் இல்ல.

ரெண்டு விஷயம் சொல்லிடறேன். சொந்த வண்டி, டாக்ஸின்னா நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே மாசத்துலேர்ந்து இருக்கு. அரசு பஸ்ல போறவங்களுக்கு அது தேவையே இல்ல. இன்னொண்ணு பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், மலை மேல தடை, செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க, அதனால எவர்சில்வர் பாட்டில்ல கொண்டு போங்க, மேல தண்ணி ஏடிஎம் வச்சிருக்காங்க அதுல நிரப்பிக்கலாம். அந்தக் காட்டப் பாத்தா இந்த சட்டம் ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும்னு தோணுது.

மலை ரயில்ல மேட்டுப்பாளையத்துலேர்ந்தே ஏறியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அது காலைல 7.10க்கே கிளம்பிடும், காலை பிளைட்டுல வந்து அத புடிக்கவே முடியாது, சென்னைலேர்ந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்றவங்களுக்குதான் அது சரியா இருக்கும், அதுக்கும் ரொம்ப முன்னாடியே ரிசர்வ் பண்ணணும். ஆனா குன்னூர்லேர்ந்து ஊட்டிக்கு தனியாவும் சில வண்டி இருக்கு, ரிசர்வ் பண்ணாம அங்கயே கவுன்ட்டர்ல டிக்கெட் வாங்கிப் போகலாம், இது நிறைய பேருக்குத் தெரியல. நான் பஸ்ஸுக்கு குன்னூர் வரைக்கும்தான் டிக்கெட் எடுத்தேன், அம்மாகிட்ட சொல்லல.

பன்னண்டு அடிக்கறதுக்கு முன்னாடி குன்னூர். காது ரெண்டும் அடைச்சிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் பக்கம் பக்கம், நடக்கற தூரம்தான். மதிய வண்டிக்கு கவுன்ட்டர்ல நான் லைன்ல நின்ன நேரத்துல அம்மா கடைல டீயும் வர்க்கியும் வாங்கி வச்சிருந்தாங்க. வர்க்கிய டீல எவ்வளவு நேரம் வைக்கணும்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. அடுக்கடுக்கா இருக்கற அந்த ஓரம் மட்டும் ஊறணும், நடு மொறுமொறுன்னு நிக்கணும், எடுத்ததும் உடனே வாய்ல போடணும். சென்னைல பேக்கெட்ல வாங்கறது இது இல்லன்னு எனக்கு அன்னைக்குதான் புரிஞ்சுது.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுலதான் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச பட்டை இருக்கும், எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளும், நீராவி எஞ்சின். குன்னூருக்கு மேல டீசல். மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூர் வரைக்கும் 1899ல ஓட ஆரம்பிச்சது, ஊட்டி வரைக்கும் வந்தது 1908ல, 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாவும் ஆச்சு. மொத்தம் 46 கிலோமீட்டர்ல நாம போறது மேல் பகுதி மட்டும்தான், ஒண்ணேகால் மணி நேரம் பக்கம். நல்ல கூட்டம். வெள்ளைத் துணி உடுத்தி தலைல வெள்ளை கட்டின ஒரு படுகப் பாட்டி நகந்து அம்மாவுக்கு இடம் குடுத்தாங்க, அம்மா படுக பாஷைல நாலு வார்த்தை பேசினாங்க, அம்மாவுக்கு அது தெரியும்னே எனக்குத் தெரியாது.

வெலிங்டன் தாண்டி அடுத்தது அருவங்காடு. வண்டி அங்க நிக்கறது கொஞ்ச நேரம்தான். அம்மா இடத்த விட்டு எந்திரிச்சு கதவுகிட்ட போயி கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னாங்க. பேக்டரி பக்கம் கைய காட்டி, "சங்கு ஊதினா உங்க பாட்டி உலை வைப்பாங்க, அடுத்த சங்குக்கு தாத்தா வாசல்ல இருப்பாரு"ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேசல. வண்டி நகந்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னாங்க, நானும் கூப்பிடல. இத டாக்ஸில போயிருந்தா எப்படி பாத்திருக்க முடியும், ரோட்டுல ஒரு போர்டு கடந்து போயிருக்கும் அவ்வளவுதான்.

கேத்தி பள்ளத்தாக்கு இடது பக்கமா வலது பக்கமான்னு ஜன்னலுக்கு சண்டை போடாதீங்க, வண்டி வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு பக்கமும் காட்டும். கேரட் தோட்டம் படி படியா இறங்கிப் போகுது. லவ்டேல்தான் இந்த லைன்லயே உசரமான ஸ்டேஷன், அங்கேர்ந்து ஊட்டிக்கு இறக்கம்.

ஊட்டி ஸ்டேஷன் பக்கத்துலயே பஸ் ஸ்டாண்டு. அங்கேர்ந்து டவுன் பஸ்ல சேரிங் கிராஸ் வந்து, ஆடம் நீரூத்த தாண்டி கார்டன் ரோட்டுல மெதுவா நடந்தோம். மலைல இருக்கற டவுன் பஸ்லயும் பொம்பளைங்களுக்கு இலவசம்தான். காலைல பிளைட் இறங்கினதுலேர்ந்து கார்டன் வாசல் வரைக்கும் ஏழரை மணி நேரம் ஆச்சு, கார்ல வந்தா இதுல பாதில வந்துரலாம்தான். ரெண்டு பேருக்கும் ஆன மொத்த டிக்கெட் காசு, காலைல அந்த டாக்ஸிக்காரர் கேட்டதுல பத்துல ஒரு பங்கு கூட வரல.

கார்டன் 1848ல மெக்ஐவர்னு ஒரு வெள்ளைக்காரர் உருவாக்கினது, 55 ஏக்கர். உள்ள ரெண்டு கோடி வருஷம் பழசான கல்லா மாறின மரம் ஒண்ணு கிடக்கு, எல்லாரும் அதுகிட்ட போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. அம்மா அங்கெல்லாம் போகல. நேரா புல்தரைக்குப் போயி செருப்ப கழட்டி வச்சுட்டு உக்காந்துட்டாங்க. வெயில் இருந்துச்சு, ஆனா புல்லு ஜில்லுன்னு இருந்துச்சு.

கொஞ்ச தூரத்துல மே மாச மலர் கண்காட்சிக்காக வரிசையா தொட்டிய அடுக்கி மண்ணு நிரப்பி நாத்து நட்டுட்டு இருந்தாங்க. அம்மா எந்திரிச்சுப் போயி அங்க வேலை பாத்துட்டு இருந்த அக்காகிட்ட "இது என்ன நாத்தும்மா?"ன்னு கேட்டாங்க. "சால்வியாங்கம்மா, மே மாசம் வாங்க, இதெல்லாம் செவசெவன்னு இருக்கும்"னாங்க அவங்க. அம்மா திரும்பி என்ன பாத்து, "அப்ப அந்த பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்குமே, காலைல முதல் பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோ"ன்னாங்க.