சித்திரை வெயில் ஆனியில் தெரியும்

நம் குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கம் பன்றி வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஜூலை மாசத்தில் பேச்சு இப்படித்தான் போகும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கியாச்சு, ரப்பர் தோட்டமெல்லாம் குளிர்ந்து கிடக்கு, ஆண்பன்றியும் நல்லாத் தின்னு துடிப்பாத்தான் இருக்கு, ஆனா ஜூனில் சேர்த்த பெண்பன்றி சினைப்பிடிக்காம 21 நாள் கழிச்சு மறுபடி பருவத்துக்கு வந்து நிற்குது. உடனே பழி பெண்பன்றி மேல் விழும், இல்லையென்றால் தீவனத்தின் மேல்.

ஜூனில் கெட்டிருக்கிற விந்துக்கான காரணத்தை ஜூனில் தேடினால் கிடைக்காது, சித்திரையில் தேட வேண்டும் என்பதுதான் என் கட்சி. பன்றியின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 39 நாள் ஆகும். அப்புறம் அது விதையை ஒட்டிய குழாயில் பத்து நாள் போலக் கிடந்து முதிர்ந்தால்தான் வெளியே வரும். வெயில் கெடுப்பது பெரும்பாலும் பாதி உருவான அணுக்களை. அதனால் சூட்டில் தவித்த வாரத்தில் எடுத்த விந்து பார்க்க நன்றாகவே இருக்கும், பாதிப்பு இரண்டு வாரத்தில் தொடங்கி ஐந்து ஆறு வாரம் வரைக்கும் நீளும். ஊசி போட்டோ நோய் வந்தோ காய்ச்சல் அடித்தாலும் இதே கதைதான்.

பன்றிக்கு வியர்வை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விதைப்பையும் ஆட்டுக்கிடாவுக்குத் தொங்குவதுபோல் தொங்காது, வாலுக்குக் கீழே உடம்போடு ஒட்டியே இருக்கும். விதை உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவான சூட்டில் இருந்தால்தான் வேலை செய்யும் என்னும்போது, இந்த அமைப்பு நம் ஊருக்குத் தோதானதே இல்லை.

திருநெல்வேலிக்காரர்கள் நம் மாவட்டத்தைக் குளிர்ச்சியான ஊர் என்பார்கள். 40 டிகிரி அடிப்பதில்லைதான். ஆனால் 27, 28 டிகிரியைத் தாண்டினாலே ஆண்பன்றிக்குச் சிரமம் தொடங்கிவிடும், நமக்கோ மார்ச் முதல் மே வரை பகல் முழுக்க அதற்கு மேல்தான், ராத்திரியிலும் புழுக்கம் விடாது. இந்த ஈரக்காற்றில் பன்றி மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டுப் போனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நனைந்த உடம்பில் காற்று பட வேண்டும், அதனால் ஃபேனும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கணும். தகரக் கூரை என்றால் மேலே தென்னை ஓலை போடுங்கள். விந்து எடுப்பதோ சேர்ப்பதோ விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, கொட்டிலில் எத்தனை மணி நேரம் லைட் போட வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் அதற்கு அர்த்தம் உண்டு, அங்கே காட்டுப்பன்றி பகல் சுருங்கும் காலத்தில்தான் இணையும், பண்ணைப் பன்றிக்கும் அந்த வாசனை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டே டிகிரி தள்ளி. இங்கே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட வராது. லைட்டை விடுங்கள், கூரையைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவது நல்லது. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் மழை தொடங்கியபிறகு எடுத்த விந்தைக் காட்டினேன். முதலில் கண்ணாடித் தகட்டை உள்ளங்கைச் சூட்டுக்கு மேல் வெதுவெதுப்பாக்கினார், ஏனென்றால் குளிர்ந்த தகட்டில் நல்ல அணுவும் அசையாது. நேராக நீந்த வேண்டிய அணுக்களில் பல நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன, சிலதுக்கு வால் சுருண்டிருந்தது. நிறைய அணுக்களில் தலைக்குக் கீழே கழுத்தோரம் பொட்டுப்போல ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது, முதிராமலே வெளியே வந்ததற்கு அதுதான் அடையாளமாம். அளவிலும் நிறத்திலும் ஒரு குறையும் இல்லை. வெறும் கண்ணால் பார்த்து விந்து நல்லாயிருக்கு என்கிறவர்களை அன்றோடு நம்புவதை நிறுத்திவிட்டேன்.

விந்து வாங்கிவந்து போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பன்றி விந்தை மாட்டு விந்துபோல நினைக்கக் கூடாது, இதை வழக்கமாக உறைய வைப்பதில்லை, 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்திருக்கணும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போச்சு, ஐஸ்கட்டிமேல் நேராக வைத்தாலும் போச்சு, பைக் பெட்டியில் போட்டு மார்த்தாண்டத்திலிருந்து மத்தியான வெயிலில் கொண்டுவந்தாலும் போச்சு.

பெண்பன்றியும் வெயிலில் தீவனம் குறைத்துக்கொள்ளும், பருவம் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் வைக்கணும். ஆனால் ஒரு பெண்பன்றி சினைப்பிடிக்கவில்லை என்றால் போவது ஒரு ஈத்து, ஆண்பன்றி கெட்டால் அது சேர்ந்த அத்தனையும் போகும்.

இதில் பண விஷயமும் இருக்கிறது. சினைக்காலம் 114 நாள், ஜூனில் சேர்த்தது செப்டம்பர் கடைசி, அக்டோபரில் குட்டி போடும். அந்தக் குட்டி ஆறு மாசத்தில் வளர்ந்து நிற்பது ஈஸ்டருக்கு. கிறிஸ்துமஸ் கறிக்கான குட்டிக்கு பிப்ரவரியில் சேர்ப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆக, ஜூனில் சேர்க்கிறவர்கள் ஒரே பெண்பன்றிக்கு 12 மணி நேரம் விட்டு இரண்டாவது தடவையும் சேருங்கள், இன்னொரு ஆண்பன்றி கையில் இருந்தால் இரண்டாவதற்கு அதை விடுங்கள். 21 நாள் பார்த்து, பருவம் வரவில்லை என்று உறுதியானபிறகு ஈஸ்டர் ஆர்டருக்கு அட்வான்ஸ் வாங்கினால் போதும்.