ஊசி உடைந்தால் சொல்லுங்கள்

பேக்கிங் பகுதியின் வாசலில் ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று இருக்கும். டிடெக்டர் என்றுதான் சொல்வோம். சின்ன கன்வேயர் பெல்ட். தைத்து, செக் பண்ணி, அயர்ன் போட்ட ஒவ்வொரு பீஸும் அதற்குள் போய்த்தான் பாலித்தீன் கவருக்கு வர வேண்டும். துணிக்குள் இரும்புத் துணுக்கு ஏதாவது மாட்டியிருந்தால் சத்தம் போட்டுக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த ஒரு அட்டை வைத்திருப்போம். மணிக்கொரு முறை அதை உள்ளே விட்டு, மெஷின் சரியாகக் கத்துகிறதா என்று பார்ப்போம்.

2012இல் ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும், அது உண்மையாகவே கத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்கான டி-ஷர்ட். பீஸைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்ததில், கை மடிப்புக்குள் ஒரு ஊசி முனை. கடுகை விடக் கொஞ்சம் நீளம். அந்த டி-ஷர்ட்டை மடித்தால் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சின்னது.

அது என் லைனில், அதாவது என் பொறுப்பில் இருந்த மெஷின் வரிசையில், தைத்த பீஸ். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் நான் சூப்பர்வைசர் ஆகி அப்போது மூன்று வருஷம். 2001இல் செக்கிங்கில் சேர்ந்து, அப்புறம் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் என்று எல்லா மெஷினிலும் உட்கார்ந்து எழுந்தவன். நன்றாகத் தைக்கிறவனைத்தான் சூப்பர்வைசர் ஆக்குவார்கள். தைக்கத் தெரிந்தவனுக்கு முப்பது பேரை நடத்தவும் தெரியும் என்று யார் முடிவு செய்தார்களோ. எனக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் எப்படிக் கத்தினாரோ அப்படியே நானும் கத்தினேன். வேலை வாங்குவது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி, அதே கலரில் அதுவரை அட்டைப்பெட்டிக்குள் போயிருந்த அத்தனை பீஸையும் பிரித்து மறுபடி டிடெக்டரில் விட்டோம். முடியும்போது விடியற்காலை நான்கு மணி. காலையில் பண்டல் நம்பரை வைத்துத் தேடினால், எந்த மெஷினில் தைத்தது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஃப்ளாட்லாக் அக்கா ஒருவர். லைனிலேயே சுத்தமாகத் தைக்கிறவர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக இந்த ஊசி விதியைச் சொல்லிவிடுகிறேன். தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். தேதி, நேரம், மெஷின் நம்பர், கையெழுத்து. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். அப்போதுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் இருக்கும் பீஸ் எல்லாம் தனியாக எடுத்து டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். குழந்தை உடைகளுக்கு பையர்கள், அதாவது எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குகிற கம்பெனிகள், இதில் துளிகூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நியாயம்தானே, அந்த முனை குத்தப்போவது ஒரு கைக்குழந்தையை.

அந்த அக்காவுக்கு இந்த விதி தெரியாதா? என்னை விட நன்றாகத் தெரியும். ஆனாலும் முனை கிடைக்காதபோது யாரிடமும் சொல்லாமல், மெக்கானிக்கிடம் ரகசியமாக ஒரு ஊசி வாங்கிப் போட்டுத் தைத்திருக்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜர் அன்றே கணக்கு முடித்து அனுப்பச் சொன்னார். ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, டீ நேரத்தில் அக்காவைத் தனியாகப் பார்த்தேன். ஏன்க்கா இப்படிச் செய்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"ஊசி உடையறதுக்குப் பயமில்லீங்ண்ணா. உங்ககிட்ட வந்து சொல்றதுக்குத்தான் பயமா இருந்துச்சு."

வயதில் மூத்தவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சூப்பர்வைசர் என்றால் இங்கே அப்படித்தான். அந்த மரியாதைக்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முந்தின வாரம் ஒரு பொண்ணு உடைந்த ஊசியோடு வந்தபோது, லைன் முழுக்கக் கேட்கும்படி, "கண்ணை எங்க வெச்சுத் தைக்கிற? மணிக்கு எத்தனை பீஸ் போச்சு தெரியுமா?" என்று கத்தியிருந்தேன். நான் கத்தியது ஒருத்தியிடம். பாடம் கற்றுக்கொண்டது முப்பது பேர். ஊசி உடைந்தால் இவனிடம் சொல்லக் கூடாது என்ற பாடம்.

அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. தப்பில் பாதி என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஷிப்மெண்ட் நெருக்கத்தில் ஒரு நல்ல ஃப்ளாட்லாக் டெய்லரை இழக்க அவருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் செய்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஊசி உடைந்தது என்று யார் வந்தாலும் என் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய வார்த்தை "கையில பட்டுச்சா?" என்று எனக்கே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். விரலுக்குள் ஊசி இறங்குவது இந்த வேலையில் நடக்கிற விஷயம். அதைக் கேட்காமல் பீஸைக் கேட்டவன் நான். இரண்டாவது, தேடுகிற நேரத்தை அந்த மணிக்கான டார்கெட்டில் கழித்துவிடுவது. லைன் முனையில் தொங்கும் போர்டில் மணிக்கு மணி புரொடக்‌ஷன் எழுதுவோம். பத்து நிமிஷம் ஊசி தேடினால் அந்த மணிக்கு ஐம்பது நிமிஷக் கணக்குத்தான். இதற்கு மேனேஜரிடம் நிறையப் பேச வேண்டியிருந்தது. ஆனால் இது இல்லாவிட்டால் என் அன்பான பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை. "பயப்படாம சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, சொன்னவளுக்கே பீஸ் குறைவு என்று எழுதினால் அடுத்த முறை யார் சொல்லுவார்?

இரண்டு மாதத்தில் ரிஜிஸ்டரில் உடைந்த ஊசிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. என் லைனில் மட்டும்தான். மேனேஜர் ரிஜிஸ்டரை மேஜையில் போட்டு, என்ன ஆச்சு உன் லைனுக்கு என்றார். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டோர் கணக்கைக் கொண்டுவந்து காட்டினேன். லைனுக்குக் கொடுத்த ஊசி முன்பும் இப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் முன்பும் இதே அளவு உடைந்திருக்கிறது. ரிஜிஸ்டருக்கு வரவில்லை, அவ்வளவுதான். மற்ற லைன்களில் இன்னும் வராமல் இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். அடுத்த மாதம் எல்லா லைனுக்கும் டார்கெட் கழிவு வந்தது.

பல வருஷம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் பற்றிச் சொன்னார்கள். 1990களில் அவர் மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் நேர் எதிராக வந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொல்லப்பட்டன என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம். 1999இல் வந்த அவருடைய கட்டுரைக்கு அப்புறம், குழுக்களில் இந்தப் பயமின்மை எவ்வளவு முக்கியம் என்று உலகம் முழுக்கப் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தபோது, மேஜையில் கிடந்த அந்த இரண்டு நோட்டும்தான் கண்முன் வந்தன.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு நாள் மறக்காது. 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில், சவாரில், ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் எங்களைப் போலத் தைக்கிறவர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருக்கிறது. கீழ்த் தளங்களில் ஒன்றில் இருந்த வங்கி அன்றைக்குத் தன் ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த கார்மெண்ட் தொழிலாளிகளை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அதற்குப் பின்னால் திருப்பூரிலும் பையர்களின் ஆடிட் கடுமையானது. தீயணைப்பான், அவசர வழி, கட்டடச் சான்றிதழ் என்று வரிசையாகப் பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து என் மனதில் நின்றது வேறு. விரிசலைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். உள்ளே போக மாட்டோம் என்று சொல்லிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சொன்னதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

ஊசி விஷயத்தைச் சரி செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். ஒன்றைச் சொல்லப் பழகியவர்கள் மற்றதையும் சொல்ல ஆரம்பித்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் வந்தது ஒன்றரை ஷிப்ட் பிரச்சினை. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு விட்டால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் நீண்டால் ஒன்றரை. இன்றைக்கு ஒன்றரை என்று நாங்கள் ஐந்து மணிக்குத்தான் சொல்வோம். சொன்ன நிமிஷத்தில் பாதிப் பேர் முகம் செத்துவிடும். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் மாவு இல்லை. கடைசி பஸ் போய்விடும். எங்களுக்கு மட்டும் காலையிலேயே தெரியும், பெரும்பாலான நாட்களில். முன்கூட்டியே சொன்னால் ஆள் நழுவிவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் வைத்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது, முடியாதவர்கள் பெயரை அப்போதே கொடுக்கலாம், காரணம் கேட்பதில்லை என்று மாற்றினோம். முதல் வாரம் நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அது குறைந்துவிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு போன் பண்ணிக்கொள்ளும் அவகாசம், அவ்வளவே.

அப்புறம் செக்கிங் டேபிளில் நிற்கிறவர்களுக்கு ஸ்டூல். நின்று செய்கிற வேலையில் இடையே உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கடைகளில் நிற்பவர்களுக்கு 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. சட்டம் இருந்தும் எங்கள் டேபிளுக்கு ஸ்டூல் வந்தது, ஒரு செக்கிங் பொண்ணு "மாசத்துல மூணு நாள் நிக்கவே முடியலீங்ண்ணா" என்று சொன்ன அப்புறம்தான். அதை என்னிடம் அவள் சொன்னாள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒரேயடியாக மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016இல், ஷிப்மெண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கை அட்டாச் செய்கிற தம்பி ஒருவன் கலர் ஷேடு மாற்றித் தைத்துவிட்டான். முப்பது பேர் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் காலை எட்டரைக்கு மெஷின் ஆன் பண்ணும் முன்னால், லைன் நடுவில் நின்று, நேற்று நான் பேசியது தப்பு, அவனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். எல்லார் முன்னால் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்புத்தான் என்பது என் எண்ணம். அவன் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்ண்ணா" என்றான். பழையபடி என்னிடம் சிரித்துப் பேச அவனுக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அவன் மெஷினைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டப்பட வேண்டியதுதான்.

இப்போது ஃப்ளோர் இன்சார்ஜ். நான்கு லைன். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். புதிதாக வரும் சூப்பர்வைசர் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, உன் லைனில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும் என்பது. "ஹிந்திக்காரப் பொண்ணு" என்று ஒருவன் சொன்னால், அவள் ஒடிசாக்காரி, அவளுக்கு ஒடியா என்று ஒரு மொழி இருக்கிறது, பெயரும் இருக்கிறது, முதலில் போய்க் கேட்டுக்கொண்டு வா என்பேன். ஊசி நோட்டீஸ் இப்போது மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் மூன்றாவது லைனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்கூட ஆகாத பொண்ணு ஒருத்தி, தானே மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளங்கையில் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "பையா, சூயி டூட் கயீ." அண்ணா, ஊசி உடைந்துவிட்டது என்கிறாள். லைன் சூப்பர்வைசர் தம்பி ஓடி வந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே, அவள் விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். காயம் இல்லை. ஒரு துண்டு குறைந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்தோம். தரை, டப்பா, மடியில் இருந்த பண்டல் என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. கழுத்து ரிப் மடிப்புக்குள் இருந்தது. அவள்தான் எடுத்தாள். தம்பி போய் போர்டில் அந்த மணிக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் என்று எழுதினான்.