கொடுவாக் குஞ்சுகள் பம்பரமாய்ச் சுற்றிய நாட்கள்

போன ஆடியில் நாலாயிரம் கொடுவாக் குஞ்சு வாங்கி, சித்தப்பாவின் உவர்நீர்க் குட்டையில் ஆறு ஹாப்பா (தண்ணீருக்குள் கட்டும் வலைத் தொட்டி) கட்டி விட்டோம். ஒன்றும் ஒரு அங்குலம்கூட இல்லை. கொடுவா தன் இனத்தையே விழுங்கும் மீன். அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை பெரியது, சிறியது என்று பிரித்துவிட வேண்டும்.

பத்தாம் நாள் பிரிக்கப் போனபோது ஒரு ஹாப்பாவில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் கறுத்துப்போய், வயிறு மேலே தெரிய, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. தட்டினால் திடுக்கென்று பாய்ந்து, மறுபடியும் சுற்றின.

"போன தடவை பிரிக்கும்போது அடிபட்டு, புண்ணில் கிருமி ஏறியிருக்கும்டா" என்றார் சித்தப்பா. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தீனியில் கலந்து போட்டோம். வாயே திறக்காத மீனுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. நாலு நாளில் மூன்று ஹாப்பா காலி.

அப்புறம்தான் உயிரோடிருந்த குஞ்சுகளை ஆக்சிஜன் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். செத்த மீன் சீக்கிரம் அழுகிவிடும், அதை வைத்து ஒன்றும் சரியாகச் சொல்ல முடியாது என்றார்கள். பிசிஆர் சோதனையில் நோடா வைரஸ். விஎன்என் என்று சொல்கிற நரம்பு நோய். மூளையையும் கண்ணின் விழித்திரையையும் அரித்துச் சின்னச் சின்ன ஓட்டைகளாக்கிவிடுகிறது. அதனால்தான் மீனுக்கு மேல் கீழ் தெரியாமல் போகிறது.

யோசித்துப் பார்த்தால் அறிகுறி எல்லாம் கண்முன்னே இருந்தது. விப்ரியோ, ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா என்றால் பெரும்பாலும் உடம்பில் காட்டிக்கொடுக்கும்: செதில் உதிரும், துடுப்படி சிவக்கும், புண் வரும், வயிறு உப்பும். எங்கள் குஞ்சுகளின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. தண்ணீரில் மருந்து கரைந்ததுதான் மிச்சம். அதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

இந்த வைரஸ் தாய் மீனிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரக்கூடும். தாய் பார்க்க நன்றாகவே இருக்கும். பிழைத்த குஞ்சும் நோயைச் சுமக்கலாம் என்பதால், மிச்சமிருந்த எழுநூற்றுச் சொச்சத்தையும் அழித்து, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. ஹாப்பாக்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, குட்டையை வெடிப்பு விடும்வரை காயவிட்டோம்.

சென்னையில் இருக்கும் சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இந்த நோய்க்கு நோடாவேக்-ஆர் என்ற தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. இந்தத் தடவை குஞ்சு வாங்கும் இடத்தில் நான் விலை கேட்கும் முன்பே தாய் மீன்களின் பிசிஆர் முடிவைக் கேட்டேன். வியாழக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஹாப்பா கட்டுவோம்.