கப்பிங் போகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்

கட்டின அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் இதை நிதானமாக எழுத முடிகிறது. இடம் கிருஷ்ணகிரி டவுன். கப்பிங் சென்டரின் பெயர் வேண்டாம். கப்பிங் என்றால் வலிக்கிற இடத்தில் கப்பை வைத்துத் தோலை உறிஞ்சி இழுக்கும் வைத்தியம்.

அப்பாவுக்குக் கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அவஸ்தை. மாங்காய் மண்டியில் கூடை தூக்கின உடம்பு. தைலம், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு. கூட வேலை செய்தவர் ஹிஜாமா என்கிற கப்பிங்கில் வலி விட்டது என்று சொல்லிவிட, அப்பா ஒரே பிடியாக நின்றார். காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறினோம்.

சென்டர் சுவரில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் தெரிந்த வட்டங்களின் படம். அது ரத்தம் எடுக்காத உலர் கப்பிங். இவர்கள் விற்பதோ தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் பேக்கேஜ். பக்கத்திலேயே கப்பில் கறுப்பாக உறைந்த ரத்தத்தின் படம், ‘கெட்ட ரத்தம்’ என்று தலைப்போடு. நல்ல ரத்தமும் கப்பில் கொஞ்ச நேரம் நின்றால் அப்படித்தான் உறையும்.

பணம் கட்டியதும் ஒரு பையன் வந்து, “ஐயா, சட்டையைக் கழட்டிக் குப்புறப் படுங்க” என்றான். என்ன வியாதி, என்ன மாத்திரை, ஒரு கேள்வி கிடையாது. தட்டில் பிளேடு உறை பிரித்துத் தயாராக இருந்தது. புதுசை என் கண் முன்னால் பிரிக்கச் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் பி வகை இப்படிப்பட்ட பிளேடு வழியாகவும் பரவும், இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்பாவுக்கு இருதய ரத்தக்குழாயில் அடைப்பு வராமல் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் போடுகிறார் என்றேன். “ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றான். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். இருதய டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். டாக்டர் எங்கே என்றால், “வருவார்.”

அப்பாவை எழுப்பிச் சட்டையை மாட்டச் சொன்னேன். அட்வான்ஸ் திரும்பத் தரமாட்டார்களாம். சரி, டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் போட்டு ஒரு பில் கொடுங்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கோ போன் போனது. கொஞ்ச நேரத்தில் மேஜை டிராயர் திறந்தது, முழுப் பணமும் வந்தது. சண்டை போடாமல் பில் கேளுங்கள்.

அப்புறம் விசாரித்துப் போனது யுனானி மருத்துவப் பட்டமான பி.யு.எம்.எஸ். படித்த ஒரு டாக்டரிடம். மாத்திரை அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் படித்தார். ரத்தம் எடுக்கும் கப்பிங் உங்களுக்குக் கிடையவே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உலர் கப்பிங்குக்கும் இருதய டாக்டரின் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். அலைச்சல்தான், ஆனால் இந்த அலைச்சலில் எனக்குக் கோபமே வரவில்லை. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். “குடிக்கிறது போர் தண்ணியா, குழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணியா?” என்றும் கேட்டார். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும், அதற்குக் கப் வைத்துப் பயனில்லை. எக்ஸ்ரேயில் வயசுக்கேற்ற தேய்மானம் மட்டும்தான் தெரிந்தது.

கடிதம் கிடைத்த பிறகு வேலை சுலபமாக முடிந்தது. பிளாஸ்டிக் கப்பை வைத்துக் கைப்பம்பால் காற்றை இழுக்க, உள்ளே தோல் பூரி மாதிரி உப்பிச் சிவந்தது. ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவர் என்பதால் லேசாக இழுத்து, சில நிமிஷத்திலேயே எடுத்துவிட்டார். அப்படியும் முதுகில் கருஞ்சிவப்பு வட்டங்கள். அம்மா பார்த்து, “யார்யா இப்படி அடிச்சது?” என்று பதறிப்போனார். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைவதால் வரும் தடம் அது, ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வலி? சில நாள் நன்றாகவே குறைந்தது, பிறகு பாதி திரும்பிவிட்டது. அதிகபட்சம் இவ்வளவுதான் என்று டாக்டரே முன்னாடி சொல்லியிருந்தார். ரத்தசோகை, ரத்தம் உறையாத கோளாறு, தோலில் புண் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம், கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றும் சொன்னார். அப்பா இப்போது அடுத்த தடவை எப்போ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தினமும் செய்யச் சொன்ன கழுத்துப் பயிற்சியை மட்டும் காதிலேயே வாங்கவில்லை.