ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி

அத்தை டோக்கியோ வந்து இறங்கிய முதல் வாரமே டிவி பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. நாகப்பட்டினத்தில் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் இரவு பத்தரை வரை சீரியல் பார்ப்பவர் அவர். இங்கே நிஷிகசாயில் எங்கள் வீட்டு டிவியில் வருவதெல்லாம் ஜப்பானிய சேனல்கள். மொபைலில் போட்டுத் தருகிறேன் என்றேன். "தம்மாத்தூண்டு மூஞ்சி, யாரு மாமியா யாரு மருமகன்னே தெரியல மாப்பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன், தெரியும் என்று கொஞ்சம் கர்வம் உண்டு. காலேஜ் ஹாஸ்டலில் விடிய விடிய நருட்டோ பார்த்து, மறுநாள் லேபில் தூங்கியவன். சரி, அத்தைக்கு நாமே ஜப்பானை அறிமுகப்படுத்தலாம் என்று அதையே போட்டேன். அந்தப் பையன் வயிற்றுக்குள் ஒன்பது வால் நரி இருக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "குக்கர் வச்சேனே" என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அன்றைக்குக் குக்கரே வைக்கவில்லை என்று பிறகு மனைவி சொன்னாள்.

காப்பாற்றியது என் ஆறு வயது மகன்தான். ஞாயிறு மாலை ஆறரைக்கு அவன் 'சசாயே-சான்' போட்டான்.

அனிமே ரசிகன் என்று சொல்லித் திரிகிற நானே அதை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை. சண்டை கிடையாது, மந்திரம் கிடையாது, ரோபோ கிடையாது. ஒரு வீடு, மூன்று தலைமுறை, ஒரு பூனை. பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போவது, பையன் மார்க் பேப்பரை ஒளித்து வைப்பது, அவ்வளவுதான் கதை. மச்சிகோ ஹசேகாவா என்ற பெண் ஓவியர் 1946இல் ஃபுகுவோகா பக்கத்துப் பத்திரிகை ஒன்றில் நாலு கட்டத் துணுக்காக வரைய ஆரம்பித்தது. 1969 அக்டோபரில் டிவிக்கு வந்து இன்னமும் ஓடுகிறது. மிக நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸிலேயே ஏறிவிட்டது. கதாநாயகி சசாயேவுக்குக் குரல் கொடுக்கும் மிதோரி கதோவும் அன்றிலிருந்து அவரேதான். நம் சீரியல்களெல்லாம் இதன் முன்னால் பச்சைக்குழந்தை.

அத்தைக்கு மொழி தேவைப்படவே இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடி போட்டவன் வீட்டோட மாப்பிள்ளைதானே?" என்றார்.

அசந்துவிட்டேன். சசாயேவின் புருஷன் மசுவோ, பெண்டாட்டி வீட்டில்தான் இருக்கிறார். வாடகை வீட்டு வேலியை அறுத்து விறகாக்கியதில் வீட்டுக்காரர் துரத்திவிட, மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். மாமியார் வீட்டோடு இருக்கிற ஆம்பிளையை இங்கே பேச்சுவழக்கில் 'மசுவோ-சான்' என்றே சொல்வார்கள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க அத்தை?" என்றேன். "சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லா மூஞ்சியையும் ஒரு தடவ பாக்குறான் பாருங்க" என்றார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

பெயர்கள்தான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டில் எல்லோருக்கும் கடல் சம்பந்தமான பெயர். சசாயே என்றால் ஒரு வகைக் கடல் நத்தை, தம்பி கட்சுவோ சூரை மீன், தங்கச்சி வகாமே கடல்பாசி. நாகப்பட்டினத்துக்காரியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "டேய், சூரை மறுபடி பொய் சொல்றான்டா" என்று பேரனோடு சேர்ந்து கமெண்டரி ஆரம்பித்துவிட்டார். அந்தச் சூரை ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிறான், இந்தத் தொடரில் யாருக்கும் வயது ஏறாது என்றேன். "பாஸே போட மாட்டேங்கறாங்களா? இவ்ளோ கண்டிப்பா இந்த ஊர் ஸ்கூலு?" என்று பேரனைக் கவலையோடு பார்த்தார்.

தாத்தா நமிஹேய் திரையில் வந்தால் மட்டும், நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வார். வழுக்கைத் தலை, உச்சியில் ஒரே ஒரு முடி, மீசை, கிமோனோ. பெரியவர் முன்னால் கால் நீட்டக் கூடாதாம்.

அந்தக் குடும்பத்துக்குச் சிலை இருக்கிறது என்று பையன் சொன்னதும் அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம். ஹசேகாவா வாழ்ந்த சகுராஷின்மச்சி, செதகாயா பக்கம். ஓதேமச்சியில் ரயில் மாறி உட்கார்ந்தால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் அவசரக்குடுக்கையான நான் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். அது அந்த ஸ்டேஷனில் நிற்காது. ஃபுதாகோதமகாவா வரை போய், லோக்கல் பிடித்து இரண்டு ஸ்டேஷன் பின்னால் வந்தோம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "மசுவோவும் இப்படித்தான்" என்று மட்டும் பேரனிடம் சொன்னார்.

2012இல் வைத்த சிலைகள். வைத்த கொஞ்ச நாளிலேயே நமிஹேயின் ஒற்றை முடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வேறு வைத்தார்களாம். நாங்கள் போனபோது உச்சந்தலையில் கம்பியாக நின்றுகொண்டிருந்தது. அத்தை அதையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் தலையைப் பார்த்தார்.

"அவருக்காவது ஒண்ணு இருக்கு."

பேச்சை மாற்ற வேண்டி, நமிஹேய்க்கு என்ன வயசு தெரியுமா அத்தை, ஐம்பத்து நாலுதான் என்றேன். அத்தைக்கு அறுபத்தொன்று. சிலை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "ஐம்பத்து நாலா? என் தம்பியவிடச் சின்னவன்! இவனுக்கா ரெண்டு மாசமா நான் கால மடக்கிட்டு உக்காந்தேன்?" மறுநாள் ஆறரைக்கு நமிஹேய் வந்தபோது, அத்தை கால்களை இன்னும் கொஞ்சம் நன்றாகவே நீட்டினார்.

சசாயே-சான் நோய் என்று இங்கே ஒன்று உண்டு. ஞாயிறு மாலை அந்தப் பாட்டு கேட்டதும், நாளைக்குத் திங்கட்கிழமை, ஆபீஸ் போக வேண்டும் என்று வயிற்றைப் பிசையும். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொன்னபோது சிரித்தேன். மூன்றாவது வாரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அத்தைக்குத் தொற்றவில்லை. திங்கட்கிழமை அவரை என்ன செய்யும்?

முடிவில் சசாயே பார்ப்பவர்களோடு கல், கத்தரி, காகிதம் ஆடுவார். இது 1991இலிருந்து நடக்கிறது. அவர் அடுத்து எதைக் காட்டுவார் என்று கணக்குப் போட்டு ஆராய்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். அத்தையும் பேரனின் பழைய ஹோம்வொர்க் நோட்டில் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். விசா முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது நான்கு வெற்றி, ஏழு தோல்வி. அந்த நோட்டும் பெட்டியில் போனது.

இப்போது ஞாயிறு ஆறரைக்கு, அங்கே மதியம் மூன்று மணிக்கு, வீடியோ காலில் வந்துவிடுகிறார். மொபைலை டிவி முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கடைசியில் சசாயே காகிதம் காட்டுகிறார். ஒரு வினாடி, இரண்டு வினாடி. மொபைலில் அத்தை கை மெதுவாக மேலே வருகிறது: கத்தரி.

நாலு வாரமாகத் தொடர்ந்து ஜெயிக்கிறார். பையன் தரையில் புரண்டு கத்துகிறான். கேட்டால், "இங்க நெட் ஸ்லோப்பா" என்கிறார்.